ஏம்மா விக்கிறீங்க?

கல்யாண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் விற்பது பாவமா? எங்கள் தெருவில் ஓட்டெடுப்பு நடத்தினால் பாவம் என்கிற கட்சிதான் ஜெயிக்கும். எதிர்க்கட்சிக்கு டெபாசிட்கூடத் தேறாது. டெபாசிட் போனாலும் பரவாயில்லை என்று அந்த எதிர்க்கட்சியில் நிற்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணவர் போன பிறகும் அவர் போட்ட மோதிரத்தைக் கழற்ற மனசு வராத அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு எந்த வழக்கும் இல்லை. வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நான் பேசுவது, பீரோவில் அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறவர்களைப் பற்றி. நிச்சயம் முறிந்து போன பெண்கள், கோர்ட்டு வரைக்கும் போய் விடுதலை வாங்கியவர்கள். அவர்களுக்கு அந்த மோதிரம் வேண்டாம், பணம் வேண்டும். அதை விற்கவிடாமல் சுற்றி நிற்கிற நம்மைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பல வருடம் நகைக்கடன் மேஜை. அங்கே உட்கார்ந்து பார்த்த ஒரு வினோதம் உண்டு. மோதிரத்தை அடகு வைக்க நம் ஜனங்களுக்குக் கூச்சமே கிடையாது. படிவத்தில் கடனின் நோக்கம் என்று ஓர் இடம் இருக்கும். விவசாயம், சொந்தச் செலவு என்று ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. யார் போட்ட மோதிரம், எந்தக் கல்யாணம் என்று அப்ரைசரும் கேட்க மாட்டார், நானும் கேட்டதில்லை. அதே மோதிரத்தை விற்பது என்றால்தான் "ஐயையோ".

அதனால் என்ன நடக்கும் தெரியுமா? விற்க மனசு வராமல் வேண்டாத மோதிரத்தைக் கொண்டுவந்து அடகு வைப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை வட்டி கட்டித் திருப்பி வைப்பார்கள். நூற்றுக்கு ஒன்பது வட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து வருடத்தில் வாங்கிய கடனில் பாதிக்குக் கிட்டத்தட்ட வட்டியாகவே போய்விடும். ஆறாவது வருடம் கட்ட முடியாது. நோட்டீஸ் போகும், பேப்பரில் ஏல அறிவிப்பு வரும், நகை மூழ்கும். ஏலத்தில் கடன் போக மிச்சம் இருந்தால் அது வாடிக்கையாளருக்குத்தான் சேர வேண்டும். அதைக் கேட்டு வாங்க வருகிறவர்களும் குறைவு. கடைசியில் அந்த மோதிரம் விற்கத்தான் பட்டது. முன்பின் தெரியாத யாரோ விற்றார்கள், அவ்வளவுதான். "நாங்க விக்கல, மூழ்கிப் போச்சு" என்று சொல்லிக்கொள்ள இத்தனை வருட வட்டி.

கல்யாண மோதிரத்தை விற்றால் குடும்பத்துக்கு ஆகாது, வாங்குகிறவருக்கும் தோஷம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்ற மோதிரம் எங்கே போகிறது என்று இவர்கள் ஒரு நாளாவது யோசித்தார்களா? நம் ஊரில் பழைய மோதிரத்தை அப்படியே துடைத்து இன்னொருவர் விரலில் மாட்டுவது அபூர்வம். அது உருக்கும் பட்டறைக்குப் போகும். மதுரைக்காரர்களுக்குத் தெற்காவணி மூல வீதிப் பக்கத்துச் சந்துகள் தெரியும். முறிந்த கல்யாணத்து மோதிரம், பாட்டியின் பாம்படம், பிள்ளையின் அரைஞாண் கொடியில் அறுந்த துண்டு, எல்லாம் ஒரே மூசையில் உருகும். கட்டியாகும். மறுபடி நகையாகும். மனிதன் இதுவரை பூமியிலிருந்து தோண்டியெடுத்த தங்கத்தில் மிகப் பெரும் பகுதி இன்னும் ஏதோ ஓர் உருவத்தில் உலகத்தில்தான் இருக்கிறது. அட்சய திருதியை அன்று வரிசையில் நின்று வாங்கி வருகிறீர்களே, அந்தப் புது மோதிரத்தில் யார் வீட்டுக் கண்ணீர் எத்தனை மில்லிகிராம் என்று யாரால் சொல்ல முடியும்? தோஷம் தங்கத்தோடு ஒட்டும் என்றால் ஊரில் ஒருவரும் நகை போட முடியாது.

"விற்க வேண்டாம், கோயில் உண்டியலில் போட்டுவிடு" என்று இன்னொரு யோசனை வரும். பக்தியோடு போடுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும். ஆனால் உண்டியல் தங்கத்தின் கதை என்ன? தமிழ்நாட்டுக் கோயில்களில் உபயோகப்படாமல் கிடந்த ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தை அறநிலையத்துறை மும்பை அரசு ஆலைக்கு அனுப்பி உருக்கி, வங்கியில் முதலீடு செய்திருக்கிறது. வருகிற வட்டி கோயில் திருப்பணிக்கு. நல்ல காரியம்தான். சாமியின் தங்கமே சும்மா கிடக்காமல் வேலை செய்யும்போது, வாடகை அட்வான்ஸுக்கு அலைகிற பெண்ணின் தங்கம் மட்டும் பீரோவில் தூங்க வேண்டுமா?

வாடகை அட்வான்ஸ் என்று சும்மா சொல்லவில்லை. என் தங்கை மகளுக்குப் போன வருடம் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. பையனோடு தனி வீடு பார்த்தாள். கையில் இரண்டு மோதிரம், ஒன்று நிச்சயத்துக்குப் போட்டது, ஒன்று கல்யாணத்துக்கு. "மாமா, துணைக்கு வாங்க" என்றாள். போனேன். எந்தக் கடை என்பது இங்கே முக்கியம் இல்லை. பெரிய கடைதான், ஏசி போட்டு, மோர் கொடுத்து உபசரிக்கிற கடை. கவுண்டரில் இருந்தவர் மோதிரத்தைக் கையில் வாங்கினார். எடை பார்க்கவில்லை, டச் பார்க்கவில்லை. முதல் கேள்வி: "ஏம்மா விக்கிறீங்க?" இரண்டாவது: "வீட்டுக்காரர் வரலையா?" பக்கத்தில் தாலிச் செயின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. பெண்ணின் குரல் அடங்கிவிட்டது. கல் எடை போக இரண்டும் சேர்ந்து 7 கிராம். கழிவு 6 சதவீதம் என்றார். இவள் தலையை ஆட்டிவிட்டாள். இடத்தைவிட்டு வெளியே போனால் போதும் என்கிற அவசரம் அவள் முகத்தில் தெரிந்தது.

நான் மோதிரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே கூட்டிவந்தேன். நாலு கடை தள்ளி இன்னொரு கடை. சின்னதுதான். அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டார், "பில் இருக்காம்மா?" என்று. ஆதார் அட்டையைப் பார்த்துக்கொண்டார். மெஷினில் வைத்து டச் காட்டினார். கழிவு 2 சதவீதம். இரண்டு கடைக்கும் வித்தியாசம் 0.28 கிராம். இன்றைய தங்க விலையில் ஒரு கேஸ் சிலிண்டரும் ஒரு மாதப் பாலும் அதில் வாங்கலாம். அந்தத் தொகை எதற்கான கழிவு? அழுக்குக்கா, பொடிக்கா? என்னைக் கேட்டால் அது அந்தப் பிள்ளையின் கூச்சத்துக்குப் பிடித்த பணம். அவள் கூச்சப்படுவாள் என்று தெரிந்துதான் அந்தக் கேள்வியே கேட்கப்படுகிறது.

திருட்டு நகை வந்துவிடக் கூடாது, அதனால் விசாரிக்கிறோம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அடையாள அட்டை கேட்பது நியாயம். பில் கேட்பது நியாயம். கேட்கட்டும். நீங்கள் யார் என்று கேட்பதற்கும் உங்கள் குடும்பத்தில் என்ன நடந்தது என்று கேட்பதற்கும் வித்தியாசம் இல்லையா? இதே கடைக்கு ஓர் ஆண்பிள்ளை தன் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கொண்டுபோகட்டும். "ஏன் சார் விக்கிறீங்க, வீட்டம்மா வரலையா?" என்று யாராவது கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

சென்டிமென்ட், சென்டிமென்ட் என்கிறார்களே, அதை வாங்கும்போது எடை போட்டு விற்கிறவர்களும் இவர்கள்தான். ஓர் உதாரணக் கணக்குப் பாருங்கள். கல் வைத்த மோதிரம் 4 கிராம், சேதாரம் 18 சதவீதம். 4.72 கிராமுக்குப் பணம் கட்டுகிறோம். அதன் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 4.86 கிராம் தங்கத்தின் விலை. மறுநாளே அதே விலைக்கு விற்கப் போனால் முதலில் கல்லைக் கழிப்பார்கள். கல் 300 மில்லிகிராம் என்றால் மிச்சம் 3.70. வாங்கியபோது அந்தக் கல்லும் தங்க விலையில்தான் நின்றது. பழைய பில்களை எடுத்துப் பார்த்தால் தெரியும். 3 சதவீதம் கழிவு போனால் கைக்கு வருவது 3.59 கிராமின் விலை. ஒரே ராத்திரியில் நாலில் ஒரு பங்கு காணோம். தங்கம் விலை வருடா வருடம் ஏறிக்கொண்டே போவதால் இந்த நஷ்டம் நம் கண்ணில் படுவதில்லை. 'அன்னிக்கு வாங்கினது இன்னிக்கு மூணு மடங்கு' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

வைர மோதிரம் என்றால் நிலைமை இன்னும் மோசம். நிச்சயத்துக்கு வைரம் போட வேண்டும் என்பது நம் பாட்டன் பூட்டன் சொன்னதா? எங்கள் காலத்தில் தாம்பூலத் தட்டு மாற்றினால் நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டாலும் அது வெறும் தங்கம்தான். 'வைரம் என்றென்றும்' என்கிற அர்த்தம் வரும் விளம்பர வாசகத்தை 1947-இல் டி பியர்ஸ் கம்பெனிக்காக எழுதியவர் ஃபிரான்சஸ் ஜெரட்டி என்கிற அமெரிக்கப் பெண்மணி. அந்த அம்மாள் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது தனிக் கதை. என்றென்றும் என்று சொல்லி விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால்தான் அதன் ஆயுசு தெரியும். வாங்கின கடையில், அதே பில், அதே சர்டிபிகேட்டோடு போனால் ஏதோ ஒரு விலை. வேறு கடையில் கல்லுக்கு அரை மனசோடு பேசுவார்கள், அல்லது பேசவே மாட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்கிற வைரம் வந்த பிறகு சின்னக் கல்லைத் திரும்ப வாங்கவே ஆளில்லை. வைர மோதிரம் பெரும்பாலும் 18 கேரட், அதாவது நூற்றுக்கு 75 தான் தங்கம் என்பதையும் அப்போதுதான் பல பேர் கவனிக்கிறார்கள். பிளாட்டினம் ஜோடி மோதிரத்துக்கும் இதே கதிதான். இருபது வருடத்துக்கு முன்னால் தங்கத்தைவிட உசத்தி விலை, இன்று தங்கத்துக்குக் கீழே.

இதில் மோதிரம் யாருடையது என்கிற தகராறு வேறு. "நாங்க போட்டதை நீ எப்படி விக்கலாம்?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்டது, இரு வீட்டாரில் யார் போட்டிருந்தாலும், அவளுடைய சீதனம். கணவன் வீட்டில் பத்திரமாக வைக்கக் கொடுத்திருந்தாலும் சொந்தம் அவளுக்குத்தான் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாற்பது வருடம் ஆகிறது. கல்யாணம் நடக்காமல் நிச்சயத்தோடு நின்று போனதென்றால், பெரியவர்கள் உட்கார்ந்து இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கம், அந்தப் பக்கம் போட்டதை இந்தப் பக்கம் திருப்பிவிடுவது நல்ல வழக்கம். திருப்பி வந்த மோதிரத்தை அந்த வாரமே விற்றுவிடுவது அதைவிட நல்லது.

விற்கப் போகிறவர்களுக்கு, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவன் என்கிற உரிமையில் சில வார்த்தைகள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து எண் கொண்ட எச்.யு.ஐ.டி. குறியீடு இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்கிற செயலியில் அதைப் போட்டால் எத்தனை கேரட் என்று போனிலேயே வரும். பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. முத்திரை இல்லாத பழைய மோதிரத்தையும் விற்கலாம், தடை எதுவும் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஹால்மார்க் மையத்தில் சின்னக் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொண்டு போங்கள். 'கேடிஎம் நகை' என்று நாம் பெருமையாகச் சொன்னது வெறும் பற்றுவைப்பு முறையின் பெயர். அது தரமுத்திரை இல்லை.

முக்கியமானது உருக்குவது. உருக்கும் முன்பே கல்லைக் கழற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுடையது. கல் இல்லாத எடை, டச், கழிவு, கைக்கு வரும் தொகை எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகுதான் சரி என்று சொல்ல வேண்டும். உருக்கின பிறகு மோதிரமாகத் திரும்பாது. ஆனால் விலை பிடிக்கவில்லை என்றால் அந்தக் கட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். இது பல பேருக்குத் தெரியாது. பழைய நகை விற்கிற தனிநபர் அதற்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை, அந்தப் பெயரில் பிடித்தால் ஏன் என்று கேளுங்கள். "மாத்திக்கங்கம்மா, கழிவே இல்லை" என்பார்கள். மாற்றி எடுக்கிற புது நகைக்கு சேதாரம் யார் கட்டுவது? பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரருக்கு வருமான வரிக் கணக்கில் இடைஞ்சல், அதனால் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அண்ணன் கணக்கு, அப்பா கணக்கு எல்லாம் வேண்டாம். மோதிரம் யாருடையதோ அவள் கணக்குக்கே வரட்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தினமும் காலையில் கிராம் இவ்வளவு, பவுன் இவ்வளவு என்று பலகையில் எழுதி வைக்கிறீர்கள். அது நீங்கள் விற்கிற விலை. அதற்குக் கீழேயே இன்று நாங்கள் வாங்குகிற விலை இவ்வளவு, கழிவு இவ்வளவு என்று இன்னும் இரண்டு வரி எழுதினால் என்ன? அந்த இரண்டு வரி இருந்தால், உள்ளே வருகிற பெண்ணிடம் கேட்க எடையைத் தவிர வேறு கேள்வியே மிச்சம் இருக்காது.