பூட்டு வாசலுக்கா, பிள்ளைகளுக்கா? வைஃபை கடவுச்சொல்லும் நம் அமானிதமும்





இரவில் உறங்கச் செல்லும் முன் கதவைத் தாழிடவும், பாத்திரங்களை மூடிவைக்கவும், தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டவும், விளக்கை அணைக்கவும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. விளக்கை ஏன் அணைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் சொல்லப்பட்டுள்ளது. ஓர் எலி திரியை இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடக்கூடும். மார்க்கம் எலியையும் திரியையும் கூடக் கவனிக்கச் சொல்கிறது. வீட்டைக் காப்பது அற்பமான வேலை அன்று.

இன்று நம் வீடுகளுக்குக் கூடுதலாக ஒரு வாசல் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே சுவரில் தொங்கி, இரவும் பகலும் பச்சை விளக்கு மின்னும் வைஃபை ரௌட்டர்தான் அது. வாசற்கதவை மூன்று தாழ்ப்பாள் போட்டு அடைக்கும் நாம், இந்த வாசலின் சாவியை ஊராருக்குக் கொடுத்துவிட்டு உறங்குகிறோம். அதைவிட வருத்தமானது, நம்மில் சிலர் அந்தச் சாவியை மாற்றுவதே பெற்ற பிள்ளைகளைப் பூட்டிவைக்கத்தான். வெளியாருக்குத் திறந்தும் வீட்டாருக்கு அடைத்தும் வைக்கும் இந்தத் தலைகீழ் வழக்கத்தைக் கண்டிக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். திண்டிவனத்தில் என் வீட்டிற்கு இணைப்பு வந்து மூன்று ஆண்டுகள் வரை, இணைப்புக் கொடுத்த தம்பி வைத்துச் சென்ற கடவுச்சொல்தான் இருந்தது. அது என் கைபேசி எண். அந்த எண் மதரஸாவில் பிள்ளைகளைச் சேர்த்த எல்லாப் பெற்றோரிடமும் உண்டு. பிறருக்குப் பாடம் நடத்தும் நான் இந்தப் பாடத்தைப் பிந்தித்தான் கற்றேன். கற்பித்தது விழுப்புரத்தில் எங்கள் மக்தபில் ஓதும் ஒரு பிள்ளையின் தாய்.

அந்தச் சகோதரியின் கணவர் குவைத்தில் பணிபுரிகிறார். இஷாவுக்குப் பின் பிள்ளைகள் கைபேசியின் முன் அமர்ந்து தந்தையிடம் அன்றைய பாடத்தை ஓதிக் காட்டுவது அவ்வீட்டின் வழக்கம். திடீரென்று படம் உறையத் தொடங்கியது, குரல் அறுந்தது. இரண்டு மாதங்கள் இணைப்புக்காரரிடம் முறையிட்டும் பயனில்லை. கல்லூரியில் படிக்கும் அவருடைய தம்பி வந்து ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது பதினொரு கருவிகள் இணைந்திருந்தன. வீட்டிலோ மூன்று கைபேசிகள் மட்டுமே. கடவுச்சொல் கணவரின் பழைய எண். கீழ்த்தளத்தில் அவர் நடத்திய கடையின் பெயர்ப்பலகையில் அதே எண் இன்னும் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. “ரெண்டு மாசமா பிள்ளைங்க அத்தா முகத்தைச் சரியாப் பாக்கல, ஹஜ்ரத்” என்று அந்தச் சகோதரி சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிரவே வீட்டிற்குச் சென்று என் கடவுச்சொல்லை மாற்றினேன்.

“நெட் கொஞ்சம் மெதுவானால் என்ன? நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது?” என்று கேட்போர் உண்டு. மெதுவாவது மட்டும்தான் கேடு என்று எண்ணுவதே தவறு. ஒரு வீட்டின் கைபேசிகளும் கணினிகளும் பலவாக இருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்போருக்கு அவை பொதுவாக ஒரே இணைப்பு எண்ணின் கீழ்தான் தெரியும். அந்த எண்ணைத் தேடிச் செல்வோருக்குக் கிடைப்பது, இணைப்பை வாங்கியவரின் பெயரும் முகவரியும். செய்தவன் தெருமுனையில் நின்றவனாக இருந்தாலும் முதலில் தட்டப்படுவது நம் வீட்டுக் கதவுதான்.

இது கற்பனை அன்று. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அப்பாவிகளைக் கொன்ற அந்தக் கொடுஞ்செயலை எந்த முஸ்லிமின் உள்ளமும் ஏற்காது. குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன் ஊடகங்களுக்கு ஒரு மின்மடல் சென்றது. காவல்துறை அதன் தடத்தைப் பின்பற்றிச் சென்று நின்ற இடம், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. அவருடைய வைஃபை இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தி மடலை அனுப்பியிருந்தனர். அவர் விசாரணைக்கு ஆளானார். அவருடைய கணினி சோதிக்கப்பட்டது. அவர் பெயர் நாடெங்கும் செய்தியானது. இதன் பின்னர், 2009 பிப்ரவரியில், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைப்பது குறித்து மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்களை வெளியிட்டது.

சகோதரர்களே, ஒரு நிமிடம் சிந்தியுங்கள். அவர் அயல்நாட்டவர், அவருக்குத் தூதரகம் இருந்தது. அந்த இணைப்பு நம் தெருவில், நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவனின் பெயரில் இருந்திருந்தால்? அவன் குற்றமற்றவன் என்று தெளியும் வரை அவன் தாய்க்கு உறக்கம் உண்டா? அவன் தங்கையின் நிகாஹ் பேச்சு நிற்குமா? குண்டுவெடிப்பு அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பெண்ணுக்கு அனுப்பப்படும் ஆபாசப் படமோ, மதங்களுக்கிடையே பகை மூட்டும் ஒரு பதிவோ, ஒரு பண மோசடியோ நம் இணைப்பிலிருந்து சென்றால் போதும். அப்போது “எனக்குத் தெரியாது” என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த உண்மை நிலைநாட்டப்படும் வரை அலைய வேண்டியவர்கள் நாம்தான்.

சிலர் தவக்குலை முன்வைக்கிறார்கள். “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்கிறார்கள். நிச்சயமாக அல்லாஹ்வே போதுமானவன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற நபிமொழியைத் திர்மிதியில் காண்கிறோம். ஃபிக்ஹு நூல்களில் திருட்டுக்குரிய தண்டனையைப் பேசும்போது ‘ஹிர்ஸ்’ என்றொரு நிபந்தனை வரும். பொருள் உரிய காவலில் வைக்கப்பட்டிருந்ததா என்ற கேள்வி அது. காவலின்றிக் கிடந்த பொருளை எடுத்தவனும் பாவிதான், எனினும் சட்டம் உரியவனையும் பார்த்து, “நீ உன் பொருளைக் காத்தாயா?” என்று கேட்கிறது. மாற்றாமல் விட்ட கடவுச்சொல் ஹிர்ஸ் ஆகாது.

வேறு சிலர் அண்டை வீட்டார் உரிமையைப் பேசுவார்கள். அற்பப் பொருளையும் கொடுக்க மறுப்போரை அல்லாஹ் கண்டிக்கும் அல்மாஊன் அத்தியாயத்தை நினைவூட்டுவார்கள். நல்ல நினைவூட்டல், நான் அதை ஏற்கிறேன். தேர்வுக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, அவள் எந்த மதத்தவளாயினும், இணைப்பைக் கொடுப்பது நன்மையே. ஆனால் கொடுப்பது வேறு, எடுத்துச் செல்ல விட்டுவிடுவது வேறு. கொடுப்பவனுக்கு, யாருக்குக் கொடுத்தோம் என்பது தெரியும். அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டில் நுழையக் கூடாது என்று அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. வீட்டிற்கு உள்ள அந்தக் கண்ணியம் வீட்டின் இணைப்புக்கும் உண்டு. இன்றைய ரௌட்டர்கள் பலவற்றில் விருந்தினருக்கென்று தனி இணைப்பை அமைக்கும் வசதி இருக்கிறது. விருந்தினரை முன்கூடத்தில் அமர்த்துகிறோம். உள்ளறைக்கு அழைத்துச் செல்வதில்லை. அதே ஒழுங்குதான் இதுவும்.

இனி, கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றும் தந்தையரிடம் பேச வேண்டும். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நானும் பிள்ளைகளைப் பெற்றவன். கைபேசியில் என்னென்ன வருகிறது என்பதை அறிவேன். ஆனால் இரவு பத்து மணிக்குக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, “தர்பிய்யத் கொடுத்துவிட்டேன்” என்று மன நிறைவோடு படுப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தந்தை இப்படித்தான் செய்துவந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று அவர் பெருமைப்பட்டார். பின்னர்தான் தெரிந்தது, அவன் மொட்டைமாடியில் மதிற்சுவர் ஓரம் அமர்ந்து பக்கத்து வீட்டு வைஃபையைப் பயன்படுத்திவந்தான். பக்கத்து வீட்டாரின் கடவுச்சொல்லும் அவர்களுடைய கைபேசி எண்தான்! இங்கே இரண்டு வீட்டாரும் தவறினார்கள். ஒருவர் வெளியாருக்கு எதிராகப் பூட்டவில்லை. மற்றவர் தம் பிள்ளைக்கு எதிராக மட்டும் பூட்டினார். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறுவன், அனுமதியின்றிப் பிறர் உரிமையை எடுக்கப் பழகிவிட்டான். உரியவரின் அனுமதியின்றி ஒரு வலைப்பின்னலில் நுழைவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியும் தவறு. அதற்கும் முன்னதாக அது பிறர் ஹக்கு. மறுமையில் கணக்குக் கேட்கப்படும் ஹக்கு.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை நாம் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். அதில் பாறைக்குள் கிடக்கும் கடுகளவு வித்தையும் அல்லாஹ் வெளிக்கொணர்வான் என்ற பாடம் வருகிறது. அந்த அச்சம் உள்ளத்தில் இருக்கும் பிள்ளைக்கு இரவில் பூட்டுத் தேவையில்லை. அது இல்லாத பிள்ளைக்கு எந்தப் பூட்டும் போதாது. நேரக் கட்டுப்பாடு வையுங்கள், ஆனால் சொல்லி வையுங்கள். மகனை அறுத்துப் பலியிடும் கட்டளையைக் கனவில் கண்ட இப்ராஹீம் (அலை) அவர்கள்கூட, “உன் கருத்து என்ன?” என்னும் பொருள்பட மகனிடம் கேட்டதாக அஸ்ஸாஃப்ஃபாத் அத்தியாயம் கூறுகிறது. நாம் ஒரு கடவுச்சொல்லுக்குக்கூடக் கேட்பதில்லை. சோற்று மேசையில் வைத்துப் பேசி, “பத்து மணிக்கு மேல் எல்லோருடைய கைபேசியும் கூடத்தில் இருக்கும், என்னுடையதும்தான்” என்று சொல்லிப் பாருங்கள். கடைசிச் சொல்தான் கடினம். அதில்தான் தர்பிய்யத் இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன? ரௌட்டரின் பின்புறம் அல்லது அடிப்புறம் ஒட்டப்பட்ட தாளைப் பாருங்கள். அதில் ஒரு முகவரி இருக்கும்; பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வைஃபையில் இணைந்த கைபேசியின் உலாவியில் அதைத் தட்டச்சு செய்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். இங்கே இரண்டு கடவுச்சொற்கள் உள்ளன என்பதைப் பலர் அறியார். ஒன்று, வைஃபையில் இணைவதற்கு. மற்றொன்று, இந்த அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கு; இது பல ரௌட்டர்களில் ‘அட்மின்’ என்றே தொடக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். முதலாவதை மட்டும் மாற்றுவது, கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வது போன்றது. 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது, மாற்றப்படாத இத்தகைய தொடக்கக் கடவுச்சொற்களைக் கொண்டுதான். 2017இல் நம் நாட்டிலேயே பிஎஸ்என்எல் மோடம்கள் இதே காரணத்தால் தாக்குதலுக்கு உள்ளாகி, வாடிக்கையாளர்கள் கடவுச்சொல்லை மாற்றுமாறு அந்நிறுவனம் அறிவுறுத்தியது.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் எட்டு எழுத்துகளுக்குக் குறைய முடியாது. பன்னிரண்டுக்கு மேல் இருப்பது நல்லது. கைபேசி எண், பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு வேண்டாம். பெயருக்குப் பின்னால் 786 சேர்ப்பதும் வேண்டாம். நம் தெருவில் எந்தச் சிறுவனும் முதலில் முயல்வது அதைத்தான். தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். ‘டபிள்யூபிஎஸ்’ என்ற வசதி இயங்கினால் அணைத்துவிடுங்கள். மாற்றியவுடன் எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். புதிய சொல்லைக் கொடுத்தால் நம்முடையவை மட்டும் திரும்ப இணையும். இது கால் மணி நேர வேலை. இணைப்பு புதிதாக வந்தபோதும், வாடகைக்கு இருந்தோர் காலி செய்தபோதும், கைபேசி தொலைந்தபோதும், நிகாஹ் விருந்துக்கு வந்த எல்லோருக்கும் சொல்லைக் கொடுத்த பிறகும் மாற்றுங்கள்.

புதிய சொல்லை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். வீட்டுப் பெண்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கணவன் வீட்டிற்கு மனைவி பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்க, அந்த வீட்டின் சாவியை வளைகுடாவில் இருந்துகொண்டு கணவன் மட்டும் வைத்திருப்பது என்ன முறை?

2020இல் ஊரடங்கின்போது மக்தபுகள் அடைபட்டுக் கிடந்தபோது, நம் பிள்ளைகளில் பலருக்குக் குர்ஆன் வகுப்பு வந்தது இந்த வாசல் வழியாகத்தான். தூர தேசத்தில் உழைக்கும் தந்தையின் ஸலாம் இரவுதோறும் வருவதும் இதன் வழியாகத்தான். அதை இழிவாக எண்ணாதீர்கள்; காவலின்றியும் விடாதீர்கள். இன்றிரவு கதவைத் தாழிட எழும்போது பிஸ்மில்லாஹ் சொல்லி அந்தப் பச்சை விளக்கின் கீழும் சற்று நில்லுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு எதிராக அன்று, அவனோடு சேர்ந்து பூட்டுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் நம் சந்ததிகளின் உள்ளங்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.