வீட்டு ரவுட்டரின் சாவி யார் கையில்?

புதுச்சேரியில் இருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுபவர்கள் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருபுவனை, மதகடிப்பட்டு என மறுபடியும் புதுச்சேரி. வளவனூரில் மீண்டும் தமிழ்நாடு! பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற எல்லைக்கோடு அப்படி. அதனால் இந்தப் பக்கத்து மக்களுக்கு இரண்டு விஷயங்கள் அத்துப்படி. எந்த ஊருக்கு எந்த வழியாகப் போவது என்பது ஒன்று. எந்தச் செக்போஸ்ட்டில் எதை விடுவார்கள், எதை நிறுத்துவார்கள் என்பது இன்னொன்று.

வீட்டு மூலையில் பச்சை விளக்கு மின்னிக் கொண்டிருக்கும் ரவுட்டர் செய்வதும் இதே இரண்டு வேலைகளைத்தான். தகவலுக்கு வழி காட்டுவதை ரூட்டிங் என்கிறோம். உள்ளே வருவதைச் சோதிப்பதை ஃபயர்வால் என்கிறோம். சாலையில் இவ்வளவு விவரமாக இருக்கும் நாம், வீட்டுக்குள் இருக்கும் இந்தச் செக்போஸ்ட்டை மட்டும் இணைப்பு கொடுக்க வந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு மறந்து விடுகிறோம். இது சரியல்ல. வீட்டில் ஒருவராவது இந்த இரண்டையும் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

முதலில் வழி.

ரவுட்டர் பெரும்பாலும் தானாகவே வழி கண்டுபிடித்துக் கொள்ளும். ஆனால் சில இடங்களில் "இந்த ஊருக்கு இந்த வழியாகத்தான்" என்று நாமே எழுதி வைக்க வேண்டியிருக்கும். அதுதான் ஸ்டேட்டிக் ரூட். 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது நினைவிருக்கலாம். அதற்கு நடுமையம் கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள வில்லியனூர். வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் பற்றிய தகவல் போனதும் இந்த ஏற்பாட்டில்தான். எந்தக் கிராமத்துக்கும் செய்தி வில்லியனூர் வழியாகப் போகும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட வழி. ஸ்டேட்டிக் ரூட்டின் தத்துவமும் அதேதான்.

வீட்டில் இது எங்கே தேவைப்படும்? கீழே கடை, மேலே வீடு என்று வைத்துக் கொள்வோம். கடையில் இணைப்பு தந்த நிறுவனத்தின் ரவுட்டர், முகவரி 192.168.1.1. மாடியில் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவதாக ஒரு ரவுட்டர். கீழே இருந்து பார்த்தால் அதன் முகவரி 192.168.1.2. அதன் கீழ் உள்ள கருவிகளுக்கு 192.168.2 என்று தொடங்கும் முகவரிகள். இப்போது கடைக் கணினியில் இருந்து மாடியில் உள்ள பிரிண்டருக்குக் கட்டளை போகாது. 192.168.2 என்ற தெரு எங்கே இருக்கிறது என்று கீழ் ரவுட்டருக்குத் தெரியாது என்பதுதான் காரணம். அதன் ரூட்டிங் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: போக வேண்டிய இடம் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. பிறகு மாடி ரவுட்டரின் ஃபயர்வாலில், கடையின் 192.168.1 முகவரிகளுக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். வேலை முடிந்தது.

ஆனால் நடப்பது என்ன? "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க சார், எல்லாம் வேலை செய்யும்" என்ற யோசனைதான் முதலில் வருகிறது. சிசிடிவி கேமராவை வெளியூரில் இருந்து பார்க்க வேண்டும் என்றாலும் இதே வைத்தியம். கதவு சிக்குகிறது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பது போன்றது இது!

கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் நிறைய உண்டு. பிரேசிலில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் சுமார் 45 லட்சம் வீட்டு மோடம்களுக்குள் திருடர்கள் புகுந்து டி.என்.எஸ். அமைப்பை மாற்றினார்கள். மக்கள் சரியான வங்கி முகவரியைத்தான் டைப் செய்தார்கள், ஆனால் போய்ச் சேர்ந்தது போலிப் பக்கத்துக்கு. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர் உள்பட பல தளங்களை முடக்கிய மிராய் என்ற நிரல், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் நுழைய 60க்குச் சற்று அதிகமான பெயர், கடவுச்சொல் ஜோடிகளை மட்டுமே வைத்திருந்தது. எல்லாம் கம்பெனியிலேயே போட்டு அனுப்பியவை. நம் நாட்டில் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் தாக்கப்பட்டன. சுமார் 60,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. மாட்டிக்கொண்டவை "அட்மின், அட்மின்" என்ற பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் இருந்தவை. அந்த நிறுவனமே கடவுச்சொல்லை மாற்றும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

"வெளியில் இருந்து யாரும் எங்கள் வீட்டு முகவரிக்கு நேரடியாக வர முடியாதே, நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தானே தருகிறது?" என்று விவரம் தெரிந்த சிலர் கேட்பார்கள். பழைய ஐ.பி. பதிப்பு 4க்கு அது ஓரளவு உண்மை. ஆனால் அது முகவரித் தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு. பாதுகாப்புக்காகச் செய்தது அல்ல. இந்தியாவில் இன்று பாதிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் ஐ.பி. பதிப்பு 6 வந்துவிட்டது. அதில் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சொந்த முகவரி உண்டு. அங்கே கேமராவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் நிற்பது ஃபயர்வால் மட்டுமே.

"இதெல்லாம் படித்தவர்கள் வேலை" என்பது இன்னொரு வாதம். உண்மையில் செய்ய வேண்டியவை ஐந்தே ஐந்து.

1. ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு.
2. ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐ.பி. 6க்குத் தனியாக இருந்தால் அதையும் பாருங்கள்.
3. வெளியில் இருந்து ரவுட்டரை இயக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியை அணைத்து வையுங்கள்.
4. போர்ட் ஃபார்வர்டிங், டி.எம்.இசட். பக்கங்களில் உங்களுக்குத் தெரியாத வரி இருந்தால், அதைப் போட்டவரைக் கேளுங்கள். தேவையில்லை என்றால் நீக்குங்கள்.
5. மென்பொருள் அப்டேட் வந்தால் போட்டு விடுங்கள்.

பொறுப்பு மக்களுக்கு மட்டுமல்ல. கலிபோர்னியாவில் 2020 முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதலும், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்பதைச் சட்டமே தடுக்கிறது. இங்கேயும் இணைப்பு தரும் நிறுவனங்கள் ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனிக் கடவுச்சொல்லை ஒட்டித் தர வேண்டும். சில இடங்களில் அட்மின் கடவுச்சொல்லை வாடிக்கையாளருக்குச் சொல்வதே இல்லை. மாதாமாதம் பணம் கட்டுபவருக்குத் தன் வீட்டுக் கதவின் சாவி கிடையாது என்பது என்ன நியாயம்?

புது வீடு கட்டிக் குடி போகும் போது, கொத்தனாரிடம் இருக்கும் சாவியை வாங்காமல் யாரும் விடுவதில்லை. அடுத்த முறை இணைப்பு கொடுக்க வருபவர் கிளம்பும் முன், ரவுட்டரின் சாவியையும் கேட்டு வாங்குங்கள். அவர் படியிறங்கியதும் முதல் வேலையாக அதை மாற்றி விடுங்கள்.