வார்டில் வாக்கு, கோட்டையில் சாவி

உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் இலக்கிய நண்பர்கள் இரு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். முதல் அணிக்கு அது ‘மக்கள் தீர்ப்பு’, ‘அலை’, ‘வரலாற்றுத் திருப்பம்’. இரண்டாம் அணிக்கு அது வெறும் விலைபோதல்: பணத்தை வாங்கிக்கொண்டு ஜனநாயகத்தை விற்றுவிட்ட பாமரர் கூட்டத்தைப் பற்றி ஒரு பெருமூச்சு, அத்துடன் முடிந்தது. 2022 பிப்ரவரி 22 அன்று முடிவுகள் வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. அடுத்த தேர்தலின் போதும் இதுவே நிகழும். இரண்டு அணிகளும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன என்பது என் தரப்பு. வாக்களித்தவனுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கக் கூடும் என்று இருவருமே எண்ணிப்பார்ப்பதில்லை.

மறைமலை நகரில் இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். 1980-களின் தொடக்கத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் காகிதத்தில் வரைந்து, பிறகு மண்ணில் எழுப்பிய துணை நகரம் இது. வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என மாற்றிக்கொண்ட தனித்தமிழ்ப் பேரறிஞரின் பெயர் தாங்கிய ஊர். ஆனால் இங்குள்ள குடியிருப்புப் பகுதிகளுக்கு ‘என்.எச்-1’, ‘என்.எச்-2’ என்றுதான் பெயர். ‘நெய்பர்ஹுட்’ என்பதன் சுருக்கம். வெளியூரிலிருந்து வருபவர்கள் தேசிய நெடுஞ்சாலை என்று எண்ணி ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கி நின்றுகொண்டு தொலைபேசியில் வழி கேட்பார்கள். (அடிகளார் இருந்திருந்தால் முதலில் வழக்கு இதன்மீதுதான் தொடுத்திருப்பார்.) பெயரை நாம் வைத்துக்கொள்ளலாம், வரைபடத்தை வேறெவரோ வரைவார்கள் என்பது இவ்வூரின் பிறவிக் குணம் போலும்.

2022 முடிவுகளின் மாலையில் பட்டாசுச் சத்தம் ஓய்ந்த பிறகு, எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் தாம் இரட்டை இலைக்கு வாக்களித்ததைத் தெருவுக்கே சொன்னவர் அவர். இம்முறை உதயசூரியன். மனம் மாறிவிட்டதா என்று கேட்டேன்.

“மனசு இன்னா தம்பி மனசு. அவங்க ஆட்சி நடக்கசொல்ல வேற ஆள ஜெயிக்கவச்சி இன்னா பண்றது? அவரு போயி நின்னா உள்ளயே விடமாட்டாங்க. கால்வா எடுக்கணுமா வேணாவா?”

என் நண்பர்களின் இரண்டு கோட்பாடுகளும் அந்த அம்மாளின் சொற்களில் உடைந்து போயின. அங்கே அலையுமில்லை, விலையுமில்லை. எந்தக் கதவின் சாவி எவர் கையில் இருக்கிறதென்று அறிந்தவரின் முடிவு அது.

இதை ஒரு தெருவின் கதை என்று ஒதுக்க விரும்புவோர் கடந்த முப்பதாண்டுகளின் பதிவைப் புரட்டிப் பார்க்கலாம். 1996, 2001, 2006, 2011 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் மே மாதம் சட்டமன்றத் தேர்தல் முடிவு, அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். மே மாதம் கோட்டையைப் பிடித்தவர்களின் கையே அக்டோபரில் ஓங்கியது. 2011-இல் பத்து மாநகராட்சிகளின் மேயர் நாற்காலிகளும் அதிமுகவுக்கு. 2022-இல் இருபத்தொரு மாநகராட்சிகளும் திமுக அணிக்கு. விதிவிலக்கு உண்டு, மறைக்க மாட்டேன். 2001-இல் ஆட்சி அதிமுகவிடம் இருந்தும் சென்னை மாநகரம் ஸ்டாலினையே மீண்டும் மேயராகத் தேர்ந்தெடுத்தது. அதன் விளைவு என்ன? மறு ஆண்டே, ஒருவர் இரண்டு பதவிகளை வகிக்கலாகாது எனச் சட்டம் திருத்தப்பட்டு, அவர் மேயர் பதவியை விட்டு வெளியேற நேர்ந்தது. விதிவிலக்கே விதியைக் கற்பித்துவிட்டது.

கோவை இன்னும் துலக்கமான சான்று. 2021 மே மாதம் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அதிமுக அணிக்குச் சென்றன. ஒன்பதே மாதங்கள் கழித்து அம்மாநகராட்சியின் நூறு வார்டுகளில் தொண்ணூற்றாறு திமுக அணிக்கு. ‘கொங்கு மண்டலம் மனம் மாறிவிட்டது’ என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒன்பது மாதத்தில் ஒரு மாநகரமே தன் அரசியல் நம்பிக்கையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டதென்று நம்புவதற்கு அசாத்தியமான கற்பனை வேண்டும். நம் புனைகதையாளர்களிடம் அது இருந்தால் நலம். பணம்தான் காரணம் என்போருக்கும் ஒரு கேள்வி: பணம் ஒரு தரப்பிடம் மட்டுமா இருந்தது? அதே பணம் மே மாதத்தில் ஏன் வேலை செய்யவில்லை? பணம் புழங்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அது எல்லாத் தேர்தலிலும் புழங்குகிறது. ஆகவே இந்த ஒரு தேர்தலின் போக்கை அது விளக்காது என்கிறேன்.

விளக்குவது வேறொன்று. அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது, நகர மன்றங்களுக்கு அளிக்கத்தக்க பணிகளாகப் பதினெட்டு துறைகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் அடுக்கினார்கள். நகரத் திட்டமிடல், குடிநீர், சாலை, சுகாதாரம், ஏழ்மை ஒழிப்பு, இடுகாடு வரை அனைத்தும் அதில் உண்டு. ‘அளிக்கலாம்’ என்றுதான் எழுதினார்கள். அளித்தே ஆகவேண்டும் என்று எழுதவில்லை. அந்த ஒரு வினைச்சொல்லின் நெகிழ்வில் மாநிலங்கள் இன்றுவரை வாழ்கின்றன. இங்கே பெருந்திட்டம் வரையும் குழுமம் சென்னையில். பெரிய குடிநீர்த் திட்டங்களைத் தீட்டும் வாரியத்தின் தலைமையகம் சென்னையில். நகராட்சி ஆணையர் மாநில அரசின் அலுவலர். பெருந்தொகை எதுவும் மானியமாகவோ திட்டமாகவோ மேலிருந்துதான் இறங்க வேண்டும்.

2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் தொடக்கத்தையே பாருங்கள். மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். மார்ச் 4 அன்று தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏப்ரல் 1 அன்று, சொத்துவரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்படுவதாக மாநில அரசின் அறிவிப்பு வந்தது. பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியம் பெற அது முன்நிபந்தனை என்றார்கள். உயர்வு தேவையா இல்லையா என்பது வேறு விவாதம். பல ஆண்டுகளாக உயர்த்தப்படாத வரி அது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொத்துவரி என்பது நகர மன்றத்தின் சொந்த வரி. அதை எவ்வளவு உயர்த்துவது என்பதைத் தெரு மக்களுடன் பேசி முடிவெடுப்பதற்கென்றே ஒரு மன்றம் தேவைப்படுகிறது. பதவியேற்று ஒரு திங்கள் கூட நிறையாத மன்றங்களுக்கு, தீர்மானம் நிறைவேற்றிக் கொடுக்கும் வேலை மட்டுமே மிஞ்சியது. இத்தகைய மன்றத்துக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரை அனுப்பி அந்த இட்லிக் கடை அம்மாள் என்ன சாதித்திருப்பார்?

இவ்வூருக்கே உரிய துயரம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1999-இல் ஐகான் காரை வெளியிட்டு மறைமலை நகரின் பெயரை உலகறியச் செய்த ஃபோர்டு ஆலை, 2021 செப்டம்பர் 9 அன்று இந்திய உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. இங்கே மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள். அவர்களை நம்பி உதிரிபாகப் பட்டறைகள், வாகன ஓட்டிகள், வாடகை வீடுகள், உணவு விடுதிகள். வார்டுத் தேர்தல் நடந்தபோது ஆலை தன் இறுதி மாதங்களில் இருந்தது. 2022 ஜூலையில் கடைசி கார் வெளியேறியது. ஊரின் வாழ்வாதாரம் சரிந்துகொண்டிருந்த அந்த வேளையில் ஊருக்கு ஒரு மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆலையின் எதிர்காலத்தைப் பற்றி அந்த மன்றத்திடம் கருத்துக் கேட்கச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. தேர்தலில் அது பேசுபொருள் ஆகாததற்கு மக்களின் அறியாமையைக் குறை கூறியவர்கள் உண்டு. வார்டு உறுப்பினரிடம் போய் டெட்ராய்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு நம் மக்கள் ஒன்றும் அறிவிலிகள் அல்லர்.

சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் பயணம் செய்யுங்கள். ஒரே சாலை, ஒரே பொருளாதாரம். மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டத்து நகராட்சி. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சி. திருப்பெரும்புதூர் அன்று பேரூராட்சி. ஒரகடம் 2021 அக்டோபரில் வாக்களித்தது, மற்ற இரண்டும் நான்கு மாதங்கள் கழித்து. இச்சாலையில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பணிமுறை மாறும்போது பேருந்துகளிலிருந்து இறங்கும் இளைஞர்களிலும் இளம்பெண்களிலும் எத்தனை பேர் இங்கே வாக்காளர்கள்? விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். தண்ணீர், கழிவுநீர், தெருவிளக்கு ஆகியவற்றின் பஞ்சத்தை முழுதாக அனுபவிப்பவர்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அவர்களுக்கென்று வார்டு உறுப்பினர் எவரும் இல்லை, சாலைதான் இருந்தது. ‘மக்கள் தீர்ப்பு’ என்று எழுதும் பேனாக்கள் இந்த மக்களையும் சேர்த்துத்தான் எழுதுகின்றனவா?

இவ்விடத்தில் எவரேனும் உத்திரமேரூரை இழுத்து வருவார்கள். மேடைதோறும், மலர்தோறும் அதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை கண்டவர்கள் நாம்! முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், முப்பது குடும்புகள், கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர் உறவினரும் நிற்கலாகாது என்ற கடுமை. எல்லாம் உண்மை, எல்லாம் வியப்புக்குரியது. ஆனால் அதே கல்வெட்டு, கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் மறைப் பயிற்சியும் உள்ளவர்களின் பெயரைத்தான் ஓலையில் எழுதச் சொல்கிறது. உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. நிலத்தின் இடத்தில் இன்று கதவெண் வந்திருக்கிறது. விடுதி அறையில் எட்டுப் பேரில் ஒருத்தியாகப் படுத்துறங்கும் பெண்ணின் பெயர் இன்றும் குடத்தில் இல்லை.

மேலும், உத்திரமேரூரைப் போற்றிய இதே நாட்டில் நகர மன்றங்களே இல்லாமல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தனவே, அப்போது எங்கே போயின நம் பேனாக்கள்? 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று திமுக தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது; ஆண்டு முடிவதற்குள் நடத்துமாறும் ஆணையிட்டது. அதிமுக அரசு நடத்தவில்லை. வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு, பெருந்தொற்று என்று காரணங்கள் நீண்டன. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். காலம் முடியுமுன் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. சட்டமன்றத் தேர்தல் ஒரு திங்கள் தள்ளிப்போயிருந்தால் நாம் என்ன கூச்சல் போட்டிருப்போம்! நகராட்சி ஐந்து ஆண்டுகள் நான்கு மாதங்கள் அநாதையாகக் கிடந்தது. நான் உட்பட எவரும் ஒரு பத்தி எழுதவில்லை. வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

ஒரு கட்சியின் பாவம் இது என்று எண்ணிவிடாதீர்கள். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதில் இரு கட்சிகளும் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். 1996-இல் நேரடி. 2006-இல் மறைமுகம். 2011-இல் நேரடி. 2016-இல் மறைமுகம் எனச் சட்டம். 2018-இல் நேரடி எனச் சட்டம். 2019-இல் மீண்டும் மறைமுகம் என அவசரச் சட்டம். 2019-இல் அதைக் கண்டித்தவர்கள் 2022-இல் ஆட்சியிலிருந்து அதே முறையில் தேர்தலை நடத்தினார்கள். விளைவு, கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் ஆளுங்கட்சியினரே போட்டியிட்டுக் கைப்பற்றினார்கள். தாம் குற்ற உணர்ச்சியால் குறுகி நிற்பதாக முதலமைச்சராக இருந்த ஸ்டாலினே அறிக்கை விட நேர்ந்தது. 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் பதவி விலகினர். காஞ்சிபுரம் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வராததால் வீழ்ந்தது. இந்த மூன்று நிகழ்வுகளிலும் வாக்காளருக்கு என்ன பங்கு இருந்தது? பார்வையாளர் இருக்கைகூடக் கிடைக்கவில்லை.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அப்போதும் உரிய காலத்தில் தேர்தல் இல்லை. மீண்டும் தனி அலுவலர்கள். ஆண்ட கட்சி மட்டும் வேறு.

ஆகவே நண்பர்களே, முடிவு வந்த மறுநாள் வரைபடத்தில் எந்த நிறம் எவ்வளவு பரவியது என்று அளப்பதையும், பாமரரின் வீழ்ச்சிக்கு ஒப்பாரி வைப்பதையும் சிறிது நிறுத்துங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் முடிவுக்கு முன்பே இருக்கின்றன. தேர்தல் உரிய நாளில் நடக்குமா? தலைவரை நாம் தேர்ந்தெடுப்போமா? 2022-இல் விதிகள் வகுத்து, நவம்பர் 1 அன்று தொடங்கிவைத்த பகுதி சபைகளில் வரவு செலவுக் கணக்கை வரிவரியாகப் படிப்பார்களா? அந்தச் சபையிலாவது விடுதிப் பெண்களுக்கு ஒரு நாற்காலி போடுவார்களா?

சட்டப்படி ஒரகடம் ஊராட்சியின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது, மறைமலை நகருடையது 2027 மார்ச்சில். இரண்டு தேதிகளையும் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். இட்லிக் கடை அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, எதுனா விசேஷமா?” என்றார்.