மாற்குவுக்கு ஒரு பர்னபா



பத்தாம் வகுப்புத் தேர்வில் தோல்வியுற்ற பிள்ளைக்கு நம் மாவட்டத்தில் என்ன நேருகிறது என்பதை நாம் அறிவோம். மகனானால் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்கு அனுப்புகிறோம். மகளானால் வரன் தேடுகிறோம். 18 வயது நிறையாத பெண்ணுக்கு மணமுடிப்பதை 2006-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்த பின்னும் அவ்வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. ஒரே தேர்வைக் கொண்டு ஒரு முழு வாழ்வுக்கும் தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 13, 15 அதிகாரங்களில் மாற்கு என்னும் யோவானைக் காண்கிறோம். ஊழியப் பயணத்தின் பாதியில் அவர் விட்டுத் திரும்பினார். அடுத்த பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். பவுலின் பக்கமும் நியாயம் உண்டு. இடையில் விட்டுச் சென்றவரிடம் மீண்டும் பொறுப்பை ஒப்புவிப்பது எளிதன்று. ஆயினும் உறவினரான பர்னபா அவரைத் தம்மோடு கூட்டிக்கொண்டு, தம் சொந்த நாடாகிய சீப்புருவுக்குக் கப்பலேறினார். உறவு அவரைத் தாங்கியது. உடன் உழைத்தல் அவரை உருவாக்கியது. பிற்காலத்தில் அதே மாற்குவைத் தம்மிடம் அழைத்துவரும்படி பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

இது பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. அரூருக்கு அப்பால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். வெளியூர்ச் செவிலியருக்காகக் காத்திராமல், அங்குள்ள பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்தனர். பின்னர் அதே பள்ளத்தாக்கில், கட்டடக்கலை பயின்ற அனுராதா, கிருஷ்ணா தம்பதியர் ‘துளிர்’ என்னும் கற்றல் மையத்தை நடத்தினர். பள்ளிப் படிப்பு தடைப்பட்ட வளரிளம் பருவத்தினர் அங்குக் கட்டட வேலை, மின்வேலை, வேளாண்மை ஆகியவற்றைச் சேர்ந்து செய்தே கற்றனர்.

சேர்ந்து செய்யும் வேலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வகுப்பறையில் கடைசி மதிப்பெண் பெற்றவன் யாருக்கும் தேவைப்படுவதில்லை. சுவர் எழுப்பும்போதோ, மண் குழைப்பவன் நின்றால் கல் வைப்பவனும் நிற்க வேண்டியதுதான். பிழை அன்றே தெரிகிறது. அன்றே அருகிலிருப்பவர் கைகொடுக்கத் திருத்தப்படுகிறது. தான் தேவைப்படுகிறவன் என்பதை அவன் அங்கே உணர்கிறான்.

“தோற்றவனுக்குச் சலுகை காட்டினால் கெட்டுப்போவான்” என்பார் உண்டு. பர்னபா காட்டியது சலுகையன்று. மாற்குவை அவர் வீட்டில் ஓய்ந்திருக்க விடவில்லை, வேலைக்கே அழைத்துச் சென்றார். தனியே அனுப்பாமல் உடன் சென்றார் என்பதே வேறுபாடு.

ஆகவே பெற்றோரே, இரவு உணவையாவது பிள்ளைகளோடு சேர்ந்து உண்ணுங்கள். அவ்வேளையில் மதிப்பெண் பேச்சு வேண்டாம். துணைத்தேர்வு அதே ஆண்டிலேயே வருகிறது. தேறிய வாலிபர் இருவர், தேறாத ஒருவரோடு அமர்ந்து படிக்கட்டும். அறுப்பின் பண்டிகைப் பந்தல் வேலையையும் கணக்கையும் இவர்களிடமே கூட்டாக ஒப்படைப்போம். சிறுமி ஒருத்திக்கு மணம் பேசப்படுவதை அறிந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கத் தயங்காதிருங்கள்.

நம் ஒவ்வொரு தெருவிலும் ஒரு மாற்கு இருக்கிறார். அவருக்குப் பர்னபாவாக நிற்கும் கிருபையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.