இயங்கலைக் கல்வி பல்கலைக்கழகத்திற்கு ஈடாகுமா?

கெடா மாநிலத்தின் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. பல்கலைக்கழகத்தில் கால் பதிக்க விரும்பும் தோட்டப்புற மாணவர்களை முதலில் தடுப்பது கல்விக் கட்டணமே. அதனால், ‘மலிவான இயங்கலைப் பாடங்களே போதாதா?’ என்று சிலர் கேட்கின்றனர்.

2012இல் தொடங்கப்பட்ட கோர்செரா போன்ற தளங்களில், புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பாடங்களைக் குறைந்த செலவில் வீட்டிலிருந்தே கற்கலாம். கணினி நிரலாக்கம், வடிவமைப்பு, ஆங்கிலம் முதலிய திறன்களை வளர்த்துக்கொள்ள இவை பெரிதும் கைகொடுக்கின்றன என்பதை மறுக்க முடியாது.

எனினும், சில வாரப் பாடத்திற்குக் கிடைக்கும் சான்றிதழ் பட்டத்திற்கு ஈடாகாது. செமிலிங்கில் கற்பிக்கப்படும் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் போன்ற துறைகளுக்கு நேரடிப் பயிற்சி இன்றியமையாதது. திரையைப் பார்த்தே பல் பிடுங்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

வசதி குறைந்தோருக்கு வேறு வழியும் உண்டு. 2006இல் பினாங்கில் உருவான வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், வேலை செய்துகொண்டே தொலைதூரக் கல்வி வழி பட்டம் பெறலாம்.

ஆகவே மாணவர்களே, இலவசப் பாடங்களைக் கொண்டு முதலில் உங்கள் ஆர்வத்தைச் சோதித்துப் பாருங்கள். பட்டத்திற்குப் பணம் கட்டுமுன், அப்படிப்பு மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் பெற்றதா என்று உறுதிப்படுத்துங்கள். ஆழம் அறியாமல் காலை விட்டால், பணத்தோடு காலமும் வீணாகும் என்பதே என் கருத்து.