ஏற்றதா, பறித்ததா?

1856 பிப்ரவரியின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அவத் நாட்டைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. அதே மாத இறுதியில் டல்ஹௌசிக்குப் பின் கானிங் கவர்னர் ஜெனரல் ஆனார். ஆங்கிலத்தில் எழுதும் வரலாற்று மாணவர் இவ்விரண்டையும் ‘டேக் ஓவர்’ என்றே எழுதலாம். இலக்கணப்படி பிழையே இராது. சிக்கலும் அதுதான்.

கட்டுப்பாட்டைத் தன்வசம் கொள்ளுதல் என்று அகராதி பொருள் கூறும். தவறில்லை. ஆனால் அது முன்பு யார்வசம் இருந்தது, அவர் கொடுத்தாரா, மறுத்தாரா என்னும் கேள்விகளை அத்தொடர் எழுப்புவதே இல்லை.

வாஜித் அலி ஷா மறுத்தவர். 1801 ஒப்பந்தத்தில் ஏறத்தாழப் பாதி நாட்டை ஏற்கெனவே கம்பெனியிடம் இழந்திருந்த மரபு அவருடையது. எஞ்சியதையும் விட்டுக்கொடுக்கும் புதிய ஒப்பந்தத்தை ரெசிடென்ட் ஔட்ரம் நீட்டியபோது, தலைப்பாகையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாரேயன்றி ஒப்பமிடவில்லை. பிறகு கல்கத்தா அருகே மட்டியாபுர்ஜில் வாழ்ந்து 1887இல் மறைந்தார். இத்தனையும் அந்த ஒரு வினைத்தொடருக்குள் ஓசையின்றி மூழ்கிவிடுகின்றன.

தமிழ் இந்த வசதியை எளிதில் தருவதில்லை. ‘பொறுப்பேற்றார்’ என்றால் முறைப்படி ஒப்படைத்தவர் ஒருவர் தெரிகிறார். ‘கைப்பற்றினார்’ என்றால் இழந்தவர் தெரிகிறார். மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அத்தேர்வு வரலாற்றுத் தீர்ப்பு. ‘அவத்தின் நிர்வாகத்தைக் கம்பெனி ஏற்றது’ என்று எழுதுபவர் டல்ஹௌசியின் வாதத்தையே படியெடுக்கிறார்: தவறாட்சி நடந்தது, ஆகவே பொறுப்பு ஏற்கப்பட்டது!

சூழல் பொருளைத் தெளிவாக்கிவிடும் என்பர் சிலர். அவத்தின் கதையை முன்பே அறிந்தவருக்குத் தெளிவாக்கலாம். முதன்முறை படிக்கும் மாணவருக்கு அந்த வாக்கியத்தைத் தவிர வேறு சூழல் ஏது?

எல்லா இடத்திலும் ‘கைப்பற்றியது’ என்று முழங்குவதும் அதே சோம்பல்தான். 1858இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் முடியாட்சிக்குச் சென்றது நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே. அதைக் கைப்பற்றல் எனல் பொருந்தாது. (கைமாறிய நாடு அவ்விருவருடையதும் அன்று என்பது வேறு செய்தி.)

ஆய்வேடுகளைத் திருத்துவோர் அடிக்குறிப்பில் விடுபட்ட காற்புள்ளிக்குச் சிவப்பு மை செலவிடுகின்றனர். இந்த வினையின்கீழ் ஒரு கோடிட்டு, ‘யார் கொடுத்தது?’ என்று ஓரத்தில் எழுத அந்த மை போதும்.