வாசித்து விளக்காத உறுதிக்குக் கையொப்பமா?

இரண்டு பரப்புப் பனங்காணியை விற்பதற்கு எமது நாட்டுச் சட்டம் எத்தனை காவல் வைத்திருக்கிறது! உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும். ஒப்பமிடுபவருக்கு வாசிக்க இயலாதெனின், சாட்சிகள் கேட்க அதனை வாசித்து விளக்கிய பின்னரே நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தலாம் என 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம் விதிக்கிறது. விளங்காத எழுத்தின் கீழ் இட்ட ஒப்பம் ஒப்பமாகாது என்பதே இவ்விதியின் உயிர்.

காணிக்கு இக்காவல் உண்டு. காணிமேல் நிற்கும் வீட்டுக்கு என்ன காவல்?

இன்று எமது இல்லங்களின் விறாந்தையில் பேச்சைக் கேட்டு மறுமொழி கூறும் ஒலிபெருக்கி அமர்ந்திருக்கிறது. படலையில் கண்காணிப்புக் கமரா; கூடத்தில் இணையத்தோடு பிணைந்த தொலைக்காட்சி. இவற்றை இயக்கும் முதல் நாளில், பக்கம் பக்கமாக ஆங்கில நிபந்தனைகள் கைத்தொலைபேசித் திரையில் ஓடுகின்றன. அடியில் ஒரு பொத்தான். வெளிநாட்டிலிருந்து கருவியை அனுப்பிய மகனோ, பள்ளி செல்லும் பேரனோ அதனை அழுத்துகிறான். அழுத்திய விரல் ஒன்று; அன்று தொட்டு அக்கருவியின் செவிக்கு ஆளாகுவோர் அவ்வீட்டார் அனைவரும். பாட்டியிடம் எவர் கேட்டார்? அவருக்கு எவர் வாசித்து விளக்கினார்?

இது வீண் அச்சம் என்பாருக்குச் சில உண்மைகளைக் கூறுவோம். அமேசன் கம்பனியின் அலெக்சா, சிறுவர்களின் குரற்பதிவுகளை நீண்டகாலம் வைத்திருந்ததெனவும், பெற்றோர் அழிக்கக் கேட்டும் முற்றாக அழிக்கவில்லையெனவும் அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியது. 2023இல் 2½ கோடி டொலர் தண்டப்பணத்துக்கு இணங்கி அக்கம்பனி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் மொசில்லா நிறுவனம் 25 கார் வகைகளை ஆராய்ந்தது. அந்தரங்கப் பாதுகாப்பில் ஒன்றேனும் தேறவில்லை. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி, உரிய சம்மதமின்றி, கார் எங்கே செல்கிறது என்பதை மூன்று செக்கனுக்கு ஒரு முறை வரை குறித்து, ஓட்டுநரின் பழக்கங்களையும் சேர்த்து விற்றது என அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. அவ்விவரங்கள் காப்புறுதிக் கம்பனிகளின் கையை அடைந்து, கட்டணத்தை நிர்ணயிக்க உதவின. தன் கார் தனக்கெதிராகச் சாட்சி சொல்வதை அறியாமலே மக்கள் அதனை ஓட்டினர். ஆங்கிலம் தாய்மொழியான நாட்டிலேயே இந்நிலை!

எமது வீதிகளைப் பாருங்கள். யப்பானிலிருந்து வரும் பாவித்த கார்கள், இயந்திரம் உயிர்பெற்றதும் யப்பானிய மொழியில் ஏதோ அறிவிக்கின்றன. அந்நாட்டு விரைவுச்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்பதே பெரும்பாலும் அச்செய்தி. காலையும் மாலையும் அதனைக் கேட்டுச் சிரித்துப் பழகிவிட்டோம். ஆயின் அதே மொழியில், அதே திரையில், உண்மையான ஆபத்து அறிவிக்கப்படும் நாளில் என் செய்வோம்? அன்றும் சிரிப்போமா?

அறியாத மொழியில் வரும் கட்டளை மனிதனை எவ்வாறு சிறுமைப்படுத்தும் என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அப்பாடத்தை எமக்கு ஐயந்திரிபறக் கற்பித்தது. 1987இல், 13ஆவது திருத்தத்தின் மூலம், தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. கந்தோரில் கேட்டுப் பெற்ற அவ்வுரிமையைக் கூடத்தில் கேளாமலே கைவிடுவதா? இது தமிழருக்கு மட்டுமுரிய குறையுமன்று. மாத்தறையிலுள்ள சிங்களக் கமக்காரனும் அதே ஆங்கிலத் திரையின் முன்னே ஊமையாக நிற்கிறான். இவ்விடயத்தில் அவனும் நாமும் ஒரே வழக்கின் வாதிகள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதமானது சுயாதீனமாகவும், குறித்த நோக்கத்துக்காகவும், அறிந்தும், ஐயமின்றியும் வழங்கப்பட வேண்டும் என்கிறது. அறிந்து என்ற சொல்லுக்கு அறிந்த மொழியில் என்பதைத் தவிர வேறு பொருள் உண்டோ? அச்சட்டத்தின் முக்கிய பாகங்கள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்தன. அந்நாள் வந்தது, அப்பாகங்கள் வரவில்லை. பிற்போடப்பட்டன.

சிறிய நாட்டின் சொல்லை உலகக் கம்பனிகள் கேட்குமா எனச் சிலர் வினவுவர். கலிபோர்னியாவிடமும் தோக்கியோவிடமும் நாம் விண்ணப்பஞ் செய்யவில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விற்கும் வணிகரே இந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். பொருள்களின் சிட்டை பற்றியும் விற்பனை பற்றியும் வணிகருக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முன்பே கொடுத்திருக்கிறது. புதுச் சட்டம் வேண்டியதில்லை. உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தும் மனமே வேண்டும். தமிழில் இயலாதெனவும் கூறவியலாது. எமது கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்து என்றோ வந்துவிட்டது.

நாம் கோருவன நான்கு. இக்கருவி எதைக் கேட்கிறது, எதைப் பதிகிறது, எவருக்கு அனுப்புகிறது, எவ்வாறு நிறுத்தலாம் என்னும் விவரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் தராது எக்கருவியும் விற்கப்படலாகாது. பாவித்த காரை விற்பவர், அதன் எச்சரிக்கைகளின் பொருளை அவ்விரு மொழிகளிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். பாவனையாளர் அதிகாரசபை இதற்குரிய பணிப்புரையை உடனே விடுக்க வேண்டும். பிற்போடப்பட்ட பாகங்களுக்கு நாள் குறிக்க வேண்டும்.

அதுவரை மக்கள் வாளாவிருத்தல் தகாது. கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், “இதனை எமது மொழியில் எழுதித் தாருங்கள்” என ஒவ்வொருவரும் கேட்கட்டும். தர மறுத்தால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பட்டும். பத்துப் பேர் திரும்பினால் வணிகர் யோசிப்பார். நூறு பேர் திரும்பினால் எழுதித் தருவார். காணி உறுதியை வாசிப்பிக்காமல் ஒப்பமிடாத எமது பாட்டன்மார் மூடரல்லர். அவர்கள் காணிக்குக் காட்டிய விழிப்பை நாம் வீட்டுக்குக் காட்டுவோமாக!